நாலு பேர் போட்ட மார்க்

மாஸ்டரின் காரில் ஏறியவர்களில் சிலர் கியர் மாற்றத் தெரியாமலேயே இறங்கிப் போனதுண்டு. ஆனால் அவருடைய மனைவி கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள் என்ற சங்கதி தெரியாமல் இறங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது.

டிரைவிங் ஸ்கூல் என்று பெயர்தான் பெரிது. கூரைமேல் பலகை வைத்த ஒரே ஒரு கார், மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை மட்டும் போடக்கூடிய ஆபீஸ், அவ்வளவுதான் சொத்து. காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு செட் பெடல், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு இன்னொரு செட். தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் வைத்த காலை அவர் எடுத்ததே இல்லை என்பதால் ஊரில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காலுக்குத்தான் பிரேக். வாய்க்குக் கிடையாது.

"இண்டிகேட்டர் போடுங்க. கண்ணாடியைப் பாருங்க. இப்பத் திருப்புங்க. என் வீட்டுல இருக்காங்களே, அவங்க யூனிவர்சிட்டியில பயன்பாட்டுக் கணிதத்துல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாங்க. பயன்பாட்டுக் கணிதம்னா சும்மா பேப்பர்ல போடற கணக்கு இல்ல, உலகத்துல நிஜமா நடக்கறதுக்குப் போடற கணக்கு... ஐயோ, சைக்கிள், சைக்கிள்!"

மனைவியைத் தெருவில் எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பத்து வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணத்துக்கு முன்பே எம்.எஸ்சி. முடித்திருந்தாள். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டு, வேலை, வீடு, மகள் என்று காலம் ஓடிவிட்டது. மகள் நாலாம் வகுப்புக்குப் போன வருஷம், ஒருநாள் விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, "என்னங்க, நான் ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு போட்டுட்டு ஆராய்ச்சிக்குச் சேரட்டுமா?" என்று கேட்டாள். மாஸ்டர் தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை. "இதை ஏன் இவ்வளவு நாளாக் கேக்கல?" என்றார்.

சேர்ந்தாகிவிட்டது. ஆனால் சேருவது வேறு, நிலைப்பது வேறு. அந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சோறு போடும் வழிகள் மூன்று. பேராசிரியர் வாங்கியிருக்கும் திட்டத்தின் கீழே வேலை செய்யலாம், இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கலாம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஃபெல்லோஷிப் கொண்டுவரலாம். முதல் இரண்டும் டீச்சர் வந்து சேருவதற்குள் மற்றவர்களுக்குப் பங்கு பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஃபெல்லோஷிப் ஒன்றுதான். ஆராய்ச்சிக் கவுன்சில் வருஷாவருஷம் பயன்பாட்டுக் கணிதத்துக்கென்று இரண்டே இரண்டு பேருக்குக் கொடுக்கும். மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை, கல்லூரிக் கட்டணம், வருஷத்துக்கு ஒரு தடவை எங்காவது கருத்தரங்குக்குப் போய்வரச் செலவு. கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால், லீவு முடிந்ததும் மறுபடியும் பள்ளிக்கூட மணி.

மாஸ்டரின் அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவள் பக்கத்துத் தெருவில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்தாள். "இருக்கற வேலையை விட்டுட்டு, வருமா வராதான்னு தெரியாத ஒண்ணு பின்னாடி ஓடறதுக்கு வயசு வேண்டாமாடா? அவளோட போட்டி போடறதெல்லாம் இருபத்திமூணு வயசுப் பசங்க" என்றாள்.

"அந்தப் பசங்களை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

விண்ணப்பத்தில் ஒரு வேடிக்கையான பகுதி இருந்தது. ஆராய்ச்சியைப் பற்றி, கணக்கே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அரைப் பக்கம் எழுத வேண்டும். கணக்கே தெரியாதவர் என்றால் வீட்டிலேயே ஒருவர் தயாராக இருக்கிறாரே என்று டீச்சர் அந்த அரைப் பக்கத்தை மாஸ்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறாரோ அங்கே அடித்துவிட்டு மாற்றி எழுதுவாள். எத்தனை தடவை மாற்றினாளோ, கடைசியில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஓர் ஆற்றில் யாரோ திருட்டுத்தனமாகக் கழிவைக் கொட்டிவிடுகிறார்கள். கீழே நாலைந்து இடங்களில் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் கழிவு எவ்வளவு என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு, மேலே எந்த இடத்தில், எந்த நேரத்தில் கொட்டினார்கள் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு ஓடுகிறது, கழிவு பரவுகிறது, கலங்குகிறது. முன்னோக்கிப் போடும் கணக்கு சுலபம். பின்னோக்கிப் போடுவதுதான் கஷ்டம்.

"காபியில கலந்த பாலைத் திரும்பப் பிரிச்சு எடுக்கற மாதிரி மேடம்" என்று மாஸ்டர் காரில் விளக்கிக்கொண்டிருந்தார். "என் வீட்டுல இருக்கறவங்க பிரிச்சுடுவாங்க."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தினமும் காலையில் வருவார். கிளச்சை விடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார், வண்டி ஒரு குதி குதித்துவிட்டு நின்றுவிடும். அதனால் மாஸ்டர் மனசுக்குள் அவருக்கு 'கிளச் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார். என்ன வேலை என்று முதல் நாள் கேட்டதற்கு, "பாடம் சொல்லிக் கொடுக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதற்குமேல் மாஸ்டர் கேட்கவில்லை. கேட்பதைவிடச் சொல்வதில்தான் அவருக்கு நாட்டம்.

"அடுத்த மாசம் இன்டர்வியூ மேடம். ஏழு பேரைக் கூப்பிட்டிருக்காங்க, இவங்களும் ஒருத்தர். எல்லாரும் பார்க்க மேடையேறிப் பேசணும், அப்புறம் கமிட்டி கேள்வி கேக்கும். அந்தக் கமிட்டியில, வேற காலேஜ்லேருந்து வர்ற ஒரு அம்மா இருக்காங்களாம். கேள்வி கேட்டா எலும்பு வரைக்கும் போகுமாம். போன வருஷம் ஒரு பையன் பதில் சொல்ல முடியாம மைக்கை வச்சுட்டுப் பாதியிலேயே போயிட்டானாம்."

"மைக் இல்ல, சாக்பீஸ்" என்றார் கிளச் மேடம், சாலையைப் பார்த்தபடியே.

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் போனதும் மேடம், "அந்தக் கணக்கு, ஆத்துல கழிவு கலக்கறது பத்தின்னா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"உங்க மனைவி முன்னாடி ஸ்கூல்ல வேலை பார்த்தவங்களா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் வண்டியை ஓரம் கட்டினார். ஆச்சரியம், அன்றைக்குக் கிளச் குதிக்கவே இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, "மாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. இதைப் பத்தி இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம். வகுப்பையும் இப்போதைக்கு நிறுத்திக்கலாம். ஒரு மாசம் கழிச்சு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தே போய்விட்டார்.

மாஸ்டருக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நம் தொணதொணப்பு தாங்காமல் ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தார். வீட்டில் இதைச் சொல்லவும் இல்லை. வாய் வளர்த்து ஒரு வாடிக்கையாளரை விரட்டிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்டர்வியூ நாள் வந்தது. மகளை அக்காவின் கடையில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கூரைமேல் பலகை வைத்த அந்தக் காரில்தான். பேச்சு எல்லோருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையை இன்னொரு தடவை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இன்டர்வியூ நடந்தது ஒரு கல்லூரியின் பெரிய அரங்கத்தில். படிப்படியாக ஏறிப்போகும் இருக்கைகள், முன்னால் மேலும் கீழும் நகரும் கரும்பலகைகள், பக்கத்தில் ஒரு திரை. முதல் வரிசைக்கு முன்னால் நீள மேசை, அதன் பின்னால் ஐந்து பேர். மாஸ்டர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். டீச்சருக்கு முன்னால் ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான். திரையில் படம் மேல் படமாக ஓடியது. வண்ண வண்ணமாக ஏதேதோ சுழன்றது. நன்றாகத்தான் பேசுகிறான், கெட்டிக்காரப் பையன் என்று மாஸ்டர் மனசார நினைத்தார். அப்போது மேசையிலிருந்த ஒரு பெண்மணி அவனிடம் ஏதோ கேட்கத் தலையைத் திருப்பினார்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளச் மேடம்!

எலும்பு வரைக்கும் போகிற அம்மா. மைக் இல்ல, சாக்பீஸ். அவரைக் காரில் வைத்துக்கொண்டு நாள் தவறாமல் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் மனைவிக்குத்தான் கிடைக்கும், மற்றவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, கமிட்டியில் ஒரு அம்மா இருக்கிறார்... இதையெல்லாம் அந்த அம்மாவிடமேவா சொல்லித் தொலைத்தோம்! எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தார். வரிசையின் இரண்டு பக்கமும் மாணவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பையன் பேசி முடித்து இறங்கினான். அடுத்து டீச்சரின் முறை. அவள் மேடைப் பக்கம் நடக்கும்போதே கிளச் மேடம் எழுந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த மெலிந்த தலைவரிடம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார். காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிகளில் ஏறி, மாஸ்டரின் வரிசையைக் கடந்து, அவர் பக்கம் திரும்பாமலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அரங்கம் முணுமுணுத்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "குழுவில் ஒருவர் இந்த விண்ணப்பத்தில் மட்டும் பங்கெடுக்க மாட்டார். மற்ற நான்கு பேர் மதிப்பெண் போடுவோம். நீங்கள் ஆரம்பிக்கலாம்."

டீச்சரின் முகம் ஒரு கணம் வாடியது. அவளை அத்தனை வருஷமாகப் பார்த்த மாஸ்டருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். பிறகு அவள் திரையை அணைக்கச் சொன்னாள். சாக்பீஸை எடுத்தாள். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தாள்.

"இது ஆறு" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாஸ்டர் கிளச் மேடத்தை மறந்துபோனார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பார்த்த டீச்சர் இல்லை இது. குரலை உயர்த்தவில்லை, அவசரப்படவில்லை. ஆற்றில் ஒரு பொட்டு வைத்தாள், அது பரவுவதைக் காட்டினாள், அதற்குக் கீழே சமன்பாட்டை எழுதினாள். எழுதிய ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று கையாலேயே ஆற்றில் தொட்டுக் காட்டினாள். இது தண்ணீரின் வேகம், இது பரவுகிற அளவு, இது நமக்குத் தெரியாத இடம். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பரப்பி வைத்துவிட்டு, "இப்போ இதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம்" என்று திரும்பினாள். முன் வரிசையில் ஒரு பெண் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

பேச்சு முடிந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் முதலில் பிடித்தார். "அம்மா, உங்க அளவுகள்ல துளிப் பிழை இருந்தாப் போதும், பின்னோக்கிப் போகப் போக அது பூதமாகிடும். நீங்க காட்டற இடம் எங்கேயோ போயிடும். உங்க விடையை யார் நம்புவாங்க?"

"நம்பக் கூடாது சார்" என்றாள் டீச்சர்.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இந்தப் புள்ளிதான்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பக் கூடாது. கலந்தது கலந்ததுதான், முழுசாப் பிரிக்க முடியாது. அதனால நான் புள்ளியைக் கேக்கறதில்ல. இந்த வளைவுக்கும் அந்தப் பாலத்துக்கும் நடுவுல, காலையிலிருந்து மத்தியானத்துக்குள்ளன்னு சொல்வேன். அதை எவ்வளவு நிச்சயமாச் சொல்றேங்கறதையும் கூடவே சொல்வேன். அதுக்கு மேல நெருக்கினா கணக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். எந்த இடத்துல அது பொய் சொல்ல ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் ஆராய்ச்சி."

காபியிலிருந்து பாலைப் பிரிக்க முடியாது! ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோமே என்று மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கப்பட வேண்டியவர், என்னவோ தெரியவில்லை, பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, ஓரத்தில் இருந்த தாடிக்காரர். அவர் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினார். "பத்து வருஷம் ஸ்கூல்ல இருந்திருக்கீங்க. ஆராய்ச்சியில அது பெரிய இடைவெளி. இளம் வயசுக்காரங்க வெளியே காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களை விட்டுட்டு உங்களுக்கு ஏன் கொடுக்கணும்?"

மாஸ்டரின் வலது கால் தரையைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க கொடுக்கப் போறது இனி வர்ற மூணு வருஷத்துக்கு சார். அந்த மூணு வருஷத்துல என்ன செய்வேன்னு கேளுங்க, மாசவாரியாச் சொல்றேன்" என்றாள் டீச்சர். "போன பத்து வருஷம் பத்திக் கேட்டீங்கன்னா, நான் கணக்கை விட்டுட்டுப் போகல. தினமும் அதைத்தான் போர்டுல போட்டேன். கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்குப் புரியற வரைக்கும் விட்டதில்ல. இங்கேயும் யாருக்காவது எங்கேயாவது புரியலன்னா சொல்லுங்க, திரும்பவும் போடறேன்."

தாடிக்காரர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணாவது வரியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

கடைசி பெஞ்சில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது.

காருக்கு வந்ததும் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நல்லாப் போச்சுன்னுதான் நினைக்கறேன். ஆனா அந்த மேடம் ஏன் எழுந்து போனாங்கன்னு தெரியலைங்க. அங்கே இருக்கற அஞ்சு பேர்ல என் கணக்கை உள்ளே போய்ப் படிக்கக்கூடியவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்க கேள்விக்காகவே ராப்பகலாத் தயார் பண்ணினேன். என்கிட்ட என்ன குறை?"

மாஸ்டர் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "உங்கிட்ட ஒரு குறையும் இல்ல. என் வாய்கிட்டதான்" என்றார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார்.

சொல்லி முடித்ததும் வண்டியைக் கிளப்பினார். கல்லூரி வாசல் தாண்டி, பெரிய சாலை தாண்டி, வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் டீச்சர் வாயைத் திறந்தாள். "கிடைக்கலன்னா, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இல்லாமப் போனதாலன்னு நான் ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பேன். கிடைச்சா, புருஷன் கார்ல வச்சுப் பேசி முடிச்சுட்டாருன்னு நாலு பேர் சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் எனக்குத்தானே இடி?"

மாஸ்டர் காற்றுப் போன டயர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே டீச்சர் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மறைத்து வைக்க அவளுக்கு மனசு இல்லை. குழுவுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னாள். வழிகாட்டி சிரித்தார். அந்த அம்மாள் ஒரு மாதத்துக்கு முன்பே தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்னாரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், அவர் ஒரு விண்ணப்பதாரரின் கணவர் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அந்த விண்ணப்பத்தை நான் தொட மாட்டேன் என்று. "அதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா. ஒரே வருத்தம், உனக்கு மிஞ்சினது கறாரான நாலு பேர். அவங்களை நீ ஜெயிச்சிருந்தா அது சுத்தமான ஜெயம்" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் மாஸ்டரின் காரில் அதிசயம் நடந்தது. இண்டிகேட்டர் போடுங்க, கண்ணாடியைப் பாருங்க, திருப்புங்க. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் டீச்சர் பேசினாள், ஆனால் அளந்து பேசினாள். காபியை மேசையில் வைத்துவிட்டு, "காபி" என்பாள். அக்காகூட ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டாள். "என்னடா, ரெண்டு பேரும் கணக்கை விட்டுட்டு மௌன விரதம் படிக்கிறீங்களா?"

ஒரு காலை மாஸ்டர் பயிற்சி மைதானத்தில் இருந்தார். பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே எட்டு போட்டுக்கொண்டிருந்தார். மைதானத்து வாசலில் ஓர் உருவம் வேகமாக வருவது தெரிந்தது. டீச்சர். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. வெயிலில், தோளில் பையோடு, கிட்டத்தட்ட ஓடிவந்தாள். மகளுக்கு என்னவோ ஏதோ என்று மாஸ்டர் பதறிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கிடைச்சிடுச்சுங்க!"

"என்னது?"

"ஃபெல்லோஷிப்! ரெண்டுல ஒண்ணு எனக்கு. முதல் இடம். நாலு பேரும் போட்ட மார்க்கைக் கூட்டி, நாலால வகுத்து... முதல் இடங்க!"

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கியே விட்டார். மருந்துக்கடைக்காரர் தன்னந்தனியாக இரண்டு கூம்புகளைச் சாய்த்து, மூன்றாவதை இழுத்துக்கொண்டு போய், எப்படியோ தானே பிரேக்கைக் கண்டுபிடித்து நிறுத்தினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

"நான் பேசினதாலன்னு யாராவது..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"யாரும் சொல்ல முடியாது" என்றாள் டீச்சர். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "உங்களைத் தெரிஞ்ச ஒரே ஒருத்தர் வெளியே போயிட்டாங்க. என்னைத் தெரியாத நாலு பேர் போட்ட மார்க் இது. பலகையில என்ன இருந்துச்சோ அதுக்குப் போட்டது." அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "இனிமே ஊருக்கெல்லாம் சொல்லிக்கலாம். ஆனா காபி, பால் உதாரணம் வேண்டாம், அது தப்பு."

அக்காவின் கடையில் அன்று வெளுத்த துணியை வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. "என் தம்பி பெண்டாட்டி. இருபத்திமூணு வயசுப் பசங்க எல்லாம் வந்திருந்தாங்க, இவ முதல்" என்று அவள் சொல்வதை மகள் கேட்டுவிட்டு வந்து வீட்டில் நடித்துக் காட்டினாள்.

சொன்னபடி கிளச் மேடமும் கூப்பிட்டார். வகுப்பு தொடர்ந்தது. முதல் நாள் மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு, "மேடம், நான் உங்களைப் பத்தி உங்ககிட்டயே..." என்று இழுத்தார்.

"எலும்பு வரைக்கும் போகும்னு சொன்னீங்க. என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லதாச் சொன்னதில்ல" என்றார் மேடம். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க யாரோட கணவர்னு எனக்குத் தெரிஞ்சதும் நான் விலகிக்கணும், அவ்வளவுதான். நஷ்டம் என்னவோ எனக்குத்தான். அன்னைக்கு வராண்டாவுல நின்னேன். கதவு வழியா அவங்க குரல் கேட்டுது. கேட்டா உள்ளே போய்க் கேள்வி கேக்க ஆசை வந்துடும்னு கான்டீனுக்குப் போயிட்டேன்." கிளச்சை விட்டார். வண்டி குதித்து நின்றது.

லீவு முடியும் முன்பே டீச்சர் பள்ளிக்கூடத்து வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாள். துறையில் அவளுக்கென்று மூன்றாவது மாடியில் ஒரு மேசை ஒதுக்கினார்கள். புத்தகப் பெட்டியை மாஸ்டர்தான் தூக்கிக்கொண்டு ஏறினார். அறையில் நான்கு மேசைகள், சுவர் நீளத்துக்கு ஒரு பலகை, ஜன்னல் ஓரம் காய்ந்துபோன ஒரு செடி. மற்ற மூன்று மேசைகளிலும் சின்னப் பிள்ளைகள். ஒருவன் எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, "அக்கா, இந்த மேசை டிராயர் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றான். அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, "சார் யாரு?" என்று கேட்டான்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "என் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் நடத்தறார். இந்த ஊர்ல பாதிப் பேர் பயமில்லாம வண்டி ஓட்டறாங்கன்னா இவராலதான். என் விண்ணப்பத்துல அந்த அரைப் பக்கம் எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல? இவருக்குப் புரியற வரைக்கும் எழுதினது அது."

ஊரெல்லாம் பேசித் தீர்த்த மனுஷனுக்கு அந்த இடத்தில் பேச்சே வரவில்லை. நகர்த்தத் தேவையில்லாத ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தார்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. கிளச் மேடம். கையில் டீச்சரின் ஆராய்ச்சித் திட்டம், ஓரங்களில் பென்சில் எழுத்து நெருக்கமாக ஓடியிருந்தது. மாஸ்டருக்குத் தலையை அசைத்துவிட்டு நேரே டீச்சரிடம் வந்தார்.

"முடிவு வந்த மறுநாள்தான் முழுசா எடுத்துப் படிச்சேன். கேக்க வேண்டியது நிறைய இருக்கு. இப்ப நேரம் இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றாள் டீச்சர். பையைக்கூட இறக்கி வைக்காமல் பலகைப் பக்கம் போனாள்.

இனி அங்கே தனக்கு வேலை இல்லை என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் வெளியே வந்து படி இறங்கினார். கீழே யாரோ வகுப்புக்குக் காத்திருப்பார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வரும்போது மேலிருந்து மேடத்தின் குரல் நீளமாக ஏதோ கேட்டது. ஊரே பயப்படும் கேள்வி. மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இல்ல மேடம்" என்றது டீச்சரின் குரல், அவசரமில்லாமல். "அது அப்படி வராது. போட்டுக் காட்டறேன், பாருங்க."

பலகையில் சாக்பீஸ் ஓடத் தொடங்கியது. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு சட்டையை ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டு, மீதிப் படிகளையும் இறங்கிப் போனார்.